சொல்லாததையும் புரிந்துகொள்வது எப்படி?



"அரிசி தீரப் போகுதுங்க" என்று மனைவி சொன்னதும் கணவர் பையை எடுக்கிறார். 'வாங்கி வாருங்கள்' என்று அவர் சொல்லவில்லை. சொன்னவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டவர் யூகித்துக்கொண்டார். நம் பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

இந்தத் திறன் குழந்தைகளிடம் சிறிது சிறிதாகவே வளர்கிறது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் புது இடத்தையே காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்தார்கள். நான்கைந்து வயதுக்குப் பிறகே சரியான பதில் வரத் தொடங்குகிறது.

இதற்குப் பேச்சே உரம். காது கேளாத பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன. பிறந்தது முதல் வீட்டில் சைகை மொழி பார்த்து வளர்ந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இதில் தேறுகிறார்கள். அந்த மொழி தாமதமாகக் கிடைத்தவர்களே பின்தங்குகிறார்கள். குறை அறிவில் இல்லை. அவர்களோடு உரையாட வீட்டில் ஆள் இல்லாததுதான் காரணம். ஆகவே, அத்தகைய பிள்ளை உள்ள குடும்பத்தினர் அனைவரும் சைகை மொழி கற்றுக்கொள்வது அவசியம். மற்றப் பிள்ளைகளிடமும் "தம்பி ஏன் அழுதான்? என்ன நினைத்திருப்பான்?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

பெரியவர்களும் சில நேரம் அந்த மூன்று வயதுப் பிள்ளையைப் போல் ஆகிவிடுகிறோம். கல்வி உதவி கேட்டு வரும் ஒரு தாயிடம் "வருமானச் சான்றிதழ் கொண்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னால் போதாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஆதாரும் குடும்ப அட்டையும் தேவை என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெட்கப்பட்டுக் கேட்காமலே திரும்பிவிட்டால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும்.

தன்மானத்தால் கை நீட்டாத ஏழைகளை, அறியாதவர் செல்வந்தர் என்று எண்ணிவிடுவதைப் பற்றி சூரத்துல் பகராவின் 273ஆவது வசனம் பேசுகிறது. அவர்களை அடையாளம் கண்டு தேடிச் செல்வது நம் கடமை.

ஆனால் யூகம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. சலாமுக்குப் பதில் வராவிட்டால் 'பெருமை பிடித்தவர்' என்று முடிவுகட்டுகிறோம். அவர் காதில் விழாமலும் இருந்திருக்கலாம். தீய எண்ணங்களைத் தவிர்க்குமாறு சூரத்துல் ஹுஜுராத் 12ஆவது வசனம் நம்மை எச்சரிக்கிறது. பிறர் தேவையை அறிய யூகியுங்கள். குற்றம் காண யூகிக்காதீர்கள். ஐயம் வந்தால் நேரில் சென்று கனிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஒருவரையொருவர் புரிந்து வாழும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.