தண்ணீர்க் கட்டணத்துக்குக் கணக்குக் கேளுங்கள்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் பலரின் பல்லில் படிந்திருக்கும் மஞ்சள் கறை, போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு செய்த வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் பல்லோடு நிற்காது, எலும்பையும் வளைக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள்.

ஆகவே இந்த மாவட்டத்துப் பேரூராட்சியான காரிமங்கலத்தில் குடிநீர்க் கட்டணத்தை மற்ற விலைகளோடு சேர்க்க முடியாது. அரிசி விலை ஏறினால் வேறு கடை பார்க்கலாம். குழாய் இணைப்பு கட்டுப்படியாகாத குடும்பம் திரும்பிப் போவது அதே போர் தண்ணீருக்கு.

கட்டணம் உயர்ந்தால் கோர்ட்டுக்குப் போகலாமா? 1954-இல், சென்னை அறநிலையத் துறை ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில், வரி வேறு கட்டணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. வரிக்குக் கைம்மாறு கேட்க முடியாது; கட்டணம் வாங்கினால் சேவை செய்தாக வேண்டும். ஆனால் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டியதில்லை என்று 1983-இல் அதே நீதிமன்றம் தளர்த்திவிட்டது. எனவே "ரொம்ப அதிகம்" என்று மட்டும் சொல்லும் ரிட் மனு நிற்பது கடினம். கட்டணத்தை உயர்த்தும் பேரூராட்சித் தீர்மானம் முறைப்படி போடப்பட்டதா, வாங்கும் பணத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்ற கேள்விகளில்தான் பிடி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் ஐந்து பேர் இதைவிடப் பெரிய கேள்வியோடு கோர்ட்டுக்குப் போனார்கள்: ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும்? ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசமாகக் கொடுத்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்பணம் கட்டும் மீட்டர். காசு தீர்ந்தால் குழாய் நின்றுவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று 2008-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 42 ஆனது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டையும் தள்ளி, மாநகராட்சியின் திட்டம் நியாயமானதே என்றது. ஐவரும் தோற்றார்கள். ஆனால் வழக்கு நடந்த காலத்திலேயே மாநகராட்சி தன் விதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி, பரம ஏழைகளுக்குக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க நேர்ந்தது. அதை நீதிபதிகளே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். கணக்குக் கேட்டதால் கிடைத்த பலன் அது.

காரிமங்கலத்துக்காரர்களே, அடுத்த உயர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்தே ரூபாய். குடிநீர்க் கட்டணமாகப் பேரூராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.