உயிரணுவுக்குள் குடிபுகுந்தவை

குளத்தில் வளரும் ஹைட்ரில்லாவின் இலையொன்றைக் கிள்ளி, ஒரு துளி நீருடன் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பவர், வரிசை வரிசையாக அமைந்த நீள்கட்டங்களையும், அவற்றின் ஓரமாக மெல்ல ஊர்ந்து சுற்றிவரும் பச்சை மணிகளையும் காண்பார். அக்கட்டம் ஒவ்வொன்றும் ஓர் உயிரணு. அப்பச்சை மணிகளே, சூரிய ஒளியின் துணைகொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக மாற்றும் பசுங்கணிகங்கள்.

1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி தக்கையின் மெல்லிய சீவலில் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகளே. தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839இல் ஷ்வானும் நிலைநாட்டிய பிறகுதான், புல்லுக்கும் யானைக்கும் சரீர அமைப்பில் ஆதாரம் ஒன்றே என்பது புலனாயிற்று.

ஆதாரம் ஒன்றாயினும் அமைப்பில் பேதங்கள் உண்டு. தாவர உயிரணுவைச் சுற்றிச் செல்லுலோஸ் என்னும் பதார்த்தத்தாலான உறுதியான சுவரும், உள்ளே சாறு நிரம்பிய பெரும் பையொன்றும் இருக்கின்றன. அப்பையில் நீர் குறையும்போதுதான் செடி வாடித் துவள்கிறது. விலங்கின் உயிரணுவுக்குச் சுவரில்லை, மெல்லிய சவ்வு மட்டுமே. ஆதலால்தான் நம் இரத்தத்தின் வெள்ளையணு, தன் வடிவத்தை வேண்டியபடி மாற்றிக்கொண்டு, எதிர்ப்பட்ட கிருமியை வளைத்து விழுங்க முடிகிறது. பாக்டீரியாவோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே நீளமுள்ளது. அதற்குச் சுவர் உண்டு, உட்கரு இல்லை. பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழை உறையின்றியே உள்ளே கிடக்கிறது. புரதங்களை ஆக்கும் ரைபோசோம்கள் மட்டும் மூன்றுக்கும் பொது.

இவற்றினும் விசித்திரமானது மைட்டோகாண்டிரியாவின் வரலாறு. தாவரத்திலும் விலங்கிலும் உணவைப் பிராணவாயுவின் உதவியால் சிதைத்துச் சக்தியை அளிக்கும் இவ்வுறுப்பு, உயிரணுவின் உட்கருவிலுள்ளது போதாதென்று தனக்கெனவும் வட்டவடிவமான ஒரு டி.என்.ஏ.வை வைத்திருக்கிறது, மனிதரிடத்தில் அதில் 37 மரபணுக்கள் உள்ளன. அது பாக்டீரியாவைப் போலவே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. அதன் ரைபோசோமும் பாக்டீரியாவின் ஜாதியையே சேர்ந்தது. பசுங்கணிகத்தின் நிலையும் இதுவே. ஆதியில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் பெரிய உயிரணுவொன்றினுள் புகுந்து, வாடகைக்கு வந்தவர் வீட்டாரில் ஒருவராகிவிடுவதுபோல் நிலைத்துவிட்டன என்று 1967இல் அமெரிக்க விஞ்ஞானி லின் மார்குலிஸ் விரிவாக எடுத்துரைத்த கொள்கையை, முதலில் பலர் ஐயுற்றனராயினும், இன்று உயிரியலார் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

இது வெறும் சாஸ்திர வாதமன்று, மருந்துச் சீட்டு வரைக்கும் வருவது. பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டவொட்டாமல் தடுத்து அதைக் கொல்கிறது; அத்தகைய சுவர் நம் உயிரணுவுக்கு இல்லாமையால் நமக்கு அத்தாக்குதல் இல்லை. குளோரம்ஃபெனிக்காலோ பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குவது; அந்த இனத்தின் வழிவந்த நம் மைட்டோகாண்டிரியாவையும் அது தீண்டுவதால், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் உற்பத்தியாவது குன்றுவதுண்டு. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரசுக்குச் சுவருமில்லை, ரைபோசோமுமில்லை. அது உயிரணுவே அன்று. ஆகவே அதன்மேல் இம்மருந்துகள் எதுவும் செல்லுபடியாகா. மூக்கொழுகியவுடன் மருந்துக் கடைக்குச் சென்று ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை விடுத்து, எக்கிருமிக்கு எம்மருந்து என்பதை வைத்தியரின் தீர்ப்புக்கே விட்டுவிடுவது நலம்.