அரிதாரப் பெட்டியின் எடை

தெருக்கூத்தைப் பற்றி நம்மிடையே நடந்த பேச்சுக்கள் பெரும்பாலும் அடவு, பாட்டு, பிரதி என்பதோடு நின்றுவிட்டன. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து நவீன நாடகம் கூத்திடம் எடுத்துக்கொண்டதும் அசைவையும் குரலையும்தான். பெட்டியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தூக்க ஆள் வேணுமே! முகத்தை ஊர் ஊராகச் சுமந்துபோகும் அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆடும் ஜமா ஒன்றோடு சில இரவுகள் போயிருக்கிறேன். பெட்டி கட்டுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அடியில் கட்டைகள்: கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம். ஒட்டிய கண்ணாடிச் சில்லு உதிராமலிருக்க ஒவ்வொன்றையும் பழைய சேலையில் சுற்றுகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதே சேலைகள் இடுப்பில் ஏறிவிடும், உறையே உடுப்பு. வட மாவட்டங்களில் வண்ணார் போன்ற சேவைச் சாதிகளிடம் கூத்து ஊர்க்கடமையாகவும் உரிமையாகவும் இருந்தது என்பதை இந்தச் சேலைகளோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மேலே சலங்கை, ஒட்டுமுடி. வர்ணம் தனி டப்பாக்களில்: முத்துவெள்ளை, செந்தூரம், பச்சை, மை. எல்லாம் பொடியாகவே பயணம் போகும். குழைத்து எடுத்துப்போனால் பஸ் குலுங்குற குலுக்கில் துணியெல்லாம் பாழ். எண்ணெய் மட்டும் ஆடுகிற ஊரில் வாங்கிக்கொள்வது. பொடி ஜமாவுடையது, எண்ணெய் ஊராருடையது. இரண்டும் குழைந்தால்தான் துரியோதனனின் சிவந்த முகம்.

'அரிதாரம்' என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல், நஞ்சு. கல் பெட்டியைவிட்டுப் போய்விட்டது. பேர் மட்டும் ஒப்பனைக்கே பேராகத் தங்கிவிட்டது.

கட்டைகளைக் கல்யாண முருங்கையில் செதுக்குவதை அழகியலாக மட்டும் பார்ப்பதற்கில்லை. எடையற்ற மரம் அது. பெட்டியைத் தலையில் வைத்து நடந்த உடலும் விடிய விடிய ஆடிய உடலும் ஒன்றுதானே. 1990இல் காஞ்சிபுரத்தில் பி. ராஜகோபாலும் சக கலைஞர்களும் சங்கம் அமைத்தபோது 'தெருக்கூத்து' என்பதை விட்டுக் 'கட்டைக்கூத்து' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். 'தெரு' இழிவாக ஒலிக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு வேறொன்றும் படுகிறது: 'தெரு' பார்ப்பவனின் சொல், 'கட்டை' சுமப்பவனின் சொல்.

விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைப்பார்கள். அவசரத் துடைப்பு. காதோரச் செந்தூரத்தோடு முதல் பஸ் ஏறி அன்றைக்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெண்வேஷக்காரர் பாடுதான் கஷ்டம். கண் மை லேசில் போகாது. ராத்திரி திரௌபதியைக் கும்பிட்டவனே காலையில் பஸ்ஸில் சீண்டுவான்.

துடைக்காத காலை ஒன்று உண்டு: பாரதத்தின் கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவனுக்கும் வர்ணம் தீட்டியிருக்கும். தீவட்டிக்காக உருவான ஒப்பனை பகல் வெயிலில் வேர்த்து வழிய, பீமன் தொடையைப் பிளக்கிறான், திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். மேற்கத்திய நாடகக் கோட்பாடு படித்த நம்மாட்கள் இங்கே 'மாயை கலைகிறது' என்பார்கள். அந்த வழிகிற முகத்துக்கு முன்னால்தான் பெண்களுக்கு அருள் வருகிறது!

2005க்குப் பிறகு 'குட்டி யானை' வண்டி வந்தது. தலைச்சுமை போச்சு. ஆனால் வண்டியில் இடமிருப்பதால் ஸ்பீக்கர் பெட்டியும் விளக்குகளும் ஏறிக்கொண்டன. வாடகை போக மிஞ்சுவதே பங்கு. நான் பார்த்த ஜமாவில் ஆளுக்கொரு பங்கு, பெட்டிக்கும் ஒரு பங்கு.

சீசன் முடிந்தால் சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெட்டி வாத்தியார் வீட்டுப் பரணில் ஏறுகிறது. பூச்சி அண்டாமல் வேப்பிலை போடுவது, சேலைகளை அலசி வெயிலில் உலர்த்துவது, உதிர்ந்த சில்லைப் பசைபோட்டு ஒட்டுவது எல்லாம் அந்த வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பங்கு கிடையாது.