பேர்களும் பெயர்களும்



அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் ஒரு சிறு நகரத்தில் தொழிற்கூடம் நடத்துபவர். ஆள் தேவை என்னும் அறிவிப்பை இனி லிங்க்ட்இன் தளத்தில் மட்டும் வெளியிட எண்ணியிருந்தார். "ஐயா, எங்கள் ஊரில் 15,000 பேர் அதில் இருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார். "15,000 பேரா, 15,000 பெயர்களா?" என்று கேட்டேன். அவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

லிங்க்ட்இன் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தம் படிப்பையும் பணியையும் பதிந்து வைத்து, வேலை தருவோரோடும் தம் தொழிலைச் சேர்ந்தவரோடும் தொடர்பு கொள்ள அது உதவுகிறது. அதன் உறுப்பினர் தொகை 100 கோடியை எட்டியதென 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதில் விளம்பரம் செய்ய விரும்புவோர் ஓர் இடத்தைக் குறிப்பிட்டால், அங்குள்ள உறுப்பினர் எத்தனை என்று தளமே தோராயமாகக் காட்டும். என் மாணவர் கண்டதும் அவ்வெண்ணே.

அவ்வெண் கணக்குகளின் தொகையே அன்றி மனிதரின் தொகை அன்று. ஒரு முறை பதிந்துவிட்டுப் பின் திரும்பியே பாராதவர் அதில் உண்டு. வெளியூர் சென்ற பின்னும் பழைய ஊரின் பெயரை மாற்றாதவர் உண்டு. கடவுச்சொல்லை மறந்து, இரண்டாவது கணக்குத் தொடங்கியவரும் உண்டு. ஆதலால், எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணுகிறோம் என்று வரையறுத்தல் வேண்டும். 'சென்ற 30 நாள்களில் ஒரு முறையேனும் அத்தளத்தைத் திறந்து பார்த்தவர்' என்பதை நம் வரையறையாகக் கொள்வோம்.

இனி, ஊரார் அனைவரையும் வினவுதல் இயலுமா? இயலாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ? ஆனால் அப்பழமொழியில் ஒரு நுட்பம் உளது. பானை முழுதும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தமையால்தான் ஒரு சோறு பதம் காட்டுகிறது. ஊர் அத்தகைய பானை அன்று. கல்லூரி வாயிலில் ஒரு விடை கிடைக்கும். காய்கறிச் சந்தையில் வேறு விடை கிடைக்கும். ஆகவே வாக்காளர் பட்டியலை எடுத்து, குலுக்கல் முறையில் பெயர்களைத் தேர்தல் வேண்டும். வீட்டில் இல்லாதவரை மறுமுறையும் சென்று காணுதல் வேண்டும்.

பட்டியலில் 60,000 பேர் உளர் என்றும், 400 பேரை வினவியதில் 48 பேர் 'ஆம்' என்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். அது நூற்றுக்கு 12, ஊருக்கு 7,200. எனினும் அதனை முடிந்த முடிபாகக் கூறுதல் தவறு. 400 பேர் கொண்ட மாதிரியில் ஏறத்தாழ 3 விழுக்காடு கூடவோ குறையவோ இடமுண்டு. எனவே 5,300-க்கும் 9,100-க்கும் இடையில் என்பதே நேர்மையான விடை. இவ்வாறு நூறு முறை மாதிரி எடுத்து எல்லை வகுத்தால், ஏறத்தாழ 95 முறை உண்மை எண் அவ்வெல்லைக்குள் அடங்கும்.

மாதிரி பெரிதானால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் சுமார் ஒரு கோடி சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் கூறிற்று. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவ்விரண்டும் இல்லாத ஏழைகள் கணக்கில் வரவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பாதவரின் கருத்தும் வரவில்லை.

என் மாணவரிடம் இவற்றைச் சொல்லி, "உமக்கு வேண்டியவர் யார்?" என்று கேட்டேன். "வெல்டர் இருவர், கடைசல் இயந்திரம் ஓட்டுபவர் ஒருவர்" என்றவர், சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தொழிற்கூட வாயிலிலும் ஐ.டி.ஐ. அறிவிப்புப் பலகையிலும் தாள் ஒட்டுவதாகச் சொல்லிச் சென்றார்.

ஓர் எண்ணைக் காணும்போது, அது யாரை எண்ணியது என்று கேளுங்கள். யாரை விட்டது என்றும் கேளுங்கள். விடுபட்டவருள் ஒருவர், வேலைக்காகக் காத்திருக்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.