பார்க்கப் பழகுவோம் – 14: எலிகள் ஏன் ஓடவில்லை?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் பிள்ளைகளை எப்படி அழைத்துப்போவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளை முதலில் பார்க்க விடுங்கள், சிற்பத்தின் பெயரும் ஆண்டும் பிறகு என்பது சென்ற வாரச் சாரம். ஆனால் வெண்கலக் கூடம் சற்றுக் காத்திருக்கட்டும். மாமல்லபுரத்துச் சிற்பம் ஒன்றில் இருக்கும் பூனை என்னை விடவில்லை.

அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறைச் சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அதில் பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், கீழே, ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் பலர் யானைக்கு முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பூனையை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு நான் போனபோது, அவர்களுடைய ஓவிய ஆசிரியர் எதையும் விளக்கவில்லை. "என்ன நடக்குது? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். யானை, குட்டி யானை, பாம்பு என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். ஒரு சிறுமி மட்டும் வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "சார், மேல ஒல்லியா ஒருத்தர் தவம் பண்றாருல்ல, அவர மாதிரியே இந்தப் பூனையும் நிக்குது" என்றாள்.

"எத வச்சு சொல்ற?"

"ரெண்டு பேரும் கைய ஒரே மாதிரி தூக்கியிருக்காங்க சார்."

"அப்போ எலியெல்லாம் ஏன் ஓடல?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

தவசி வேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. ஆசிரியர் அதை அப்போதுதான் சொன்னார். கேட்டுவிட்டுப் பிள்ளைகள் மறுபடி சிற்பத்தின் பக்கம் திரும்பினார்கள். கலை ரசனைப் பாடம் என்று நான் சொல்வது அந்தத் திரும்பலைத்தான்.

மேலே தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. பாறையின் நடுப் பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். உச்சியில் நீர்த்தொட்டி இருந்த தடயமும் உண்டு. தண்ணீர் வழிந்திருந்தால் அது கங்கையாக இருக்கலாமே? பத்து வயதுப் பிள்ளையும் இந்த விவாதத்தில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

மாமல்லபுரம் தொலைவு என்கிற சென்னைப் பள்ளிகளுக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தும் அந்த நால்வரைப் போலவே பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள். பாரம் தோளில் இறங்குகிறதா, தொடையில் இறங்குகிறதா என்று அவர்களே சொல்வார்கள்.

வெண்கலக் கூடம் அடுத்த வாரம். அதற்குள் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தபசுச் சிற்பம் சாலையோரத்தில்தான் இருக்கிறது. அங்கே அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பூனை எங்கே என்று நீங்கள் காட்டிவிடாதீர்கள், பிள்ளைகள் தேடட்டும்.