கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் வேளை எது?

கொவிட்–19 பெருந்தொற்று இலங்கையில் 16 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. அக்காலத்தில் ஓயாது எழுந்த வினா ஒன்று உண்டு. தடுப்பூசி எந்தளவு மக்களைச் சென்றடைந்த பின்னர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்பதே அது. இன்னொரு பெருந்தொற்று வருமாயின் இதே வினா மீண்டும் எழும். ஆதலால் விடையை இப்போதே தெளிவுபடுத்திக் கொள்வது நன்று.

2021ஆம் ஆண்டின் இரு தளர்வுகளை ஒப்பிட்டு நோக்குவோம். அவ்வாண்டு ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு பெரிய தடைகளின்றிக் கொண்டாடப்பட்டது. அப்போது ஏறத்தாழ 9 இலட்சம் பேரே முதலாவது தடுப்பூசியைப் பெற்றிருந்தனர். இந்தியாவின் ஏற்றுமதி நின்றதால் இரண்டாவது ஊசிக்கும் தட்டுப்பாடு நிலவியது. விளைவாக மூன்றாவது அலை எழுந்தது. ஆகஸ்ட் 20இல் நாடு மீண்டும் மூடப்பட்டது. ஒக்டோபர் 1இல் திறக்கப்பட்டபோது சனத்தொகையில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இரு ஊசிகளையும் பெற்றிருந்தனர். அதன்பின் ஒமிக்ரோன் பரவியபோதும் நாட்டை மூடவேண்டிய தேவை எழவில்லை.

ஆயினும் மொத்த விழுக்காட்டை மாத்திரம் நம்புவது தவறு. ஒரு நோயாளி சராசரியாக மூவருக்குத் தொற்றைக் கடத்தினால், மூன்றில் இரு பங்கினருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தாலே பரவல் ஓயும். அறுவருக்குக் கடத்தினால் ஆறில் ஐந்து பங்கினர் வேண்டும். வைரசு உருமாறும்போது இலக்கும் நகர்ந்துவிடுகிறது. கொவிட் தடுப்பூசி தொற்றைத் தடுத்ததைவிட மரணத்தைத் தடுத்ததே அதிகம். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே ஊரிலுள்ள முதியோரில் எத்தனை பேர் ஊசி பெற்றனர், வைத்தியசாலையில் எத்தனை கட்டில்கள் வெறுமையாக உள்ளன என்பனவே உண்மையான அளவுகோல்கள். 2021 பெப்ரவரியில் மேல் மாகாணத்தின் 30 முதல் 60 வரையான வயதினருக்கு முன்னுரிமை வழங்கியமை இவ்வகையில் பிழையான வரிசையாகும்.

தளர்வைத் தாமதிப்பதற்கும் விலை உண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டபோது நாடெங்கும் கடற்றொழிலாளர் பிடித்த மீனை விற்க வழியின்றித் தவித்தனர். தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் போன்ற மன்னார்த் தீவின் ஊர்களில் கடலை நம்பி அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு நீண்ட ஊரடங்கு பட்டினியையே கொண்டுவரும். நிவாரணமில்லாத கட்டுப்பாட்டை மக்கள் நெடுநாள் மதிப்பதில்லை.

நம்பிக்கையும் இங்கு முக்கியமானது. முஸ்லிம்களின் சடலங்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் நடைமுறைக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. அது 2021 பெப்ரவரி வரை நீடித்துச் சுகாதாரத் துறையின் சொல்லுக்கிருந்த மதிப்பைக் குறைத்தது. 1 கோடி 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டாவது ஊசியைப் பெற்ற நாட்டில், மூன்றாவதைப் பெற்றோர் ஏறத்தாழ 80 இலட்சமே. ஆபத்து நீங்கிவிட்டதென்ற எண்ணமும் இதற்கொரு காரணம். ஏன் தேவை என்பதை விளக்கிச் சொல்லாத குறையும் உண்டு.

முதியோருக்கு முதலில் ஊசி, தளர்வுக்கான அளவுகோலை முன்கூட்டியே பகிரங்கப்படுத்தல், அதுவரை தொழிலிழந்தோருக்கு நிவாரணம் ஆகிய மூன்றும் ஒன்றாக நடைபெற வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் ஏனையவை பயனற்றுப் போகும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.