வேலையும் போகாது, விமானமும் உண்டு!

கோவில்பட்டி–
கரிசல் காட்டில் "பட்டாளத்துக்குப் போறான்" என்றால், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறான் என்று அர்த்தம். வேலையை விடாமலே விமானப் படையில் இருந்தவர்களும் உண்டு!

1939-ல் யுத்தம் வந்ததும் தொண்டர் விமானப் படை உருவானது. சிவில் விமானம் ஓட்டியவர்கள் சேர்ந்தார்கள். சென்னையில் இருந்து பழைய 'வாபிட்டி' விமானங்களில் பறந்து கடலோரத்தைக் காவல் காத்தார்கள். துணி போர்த்திய விமானம். தைரியம்தான் கவசம்!

சுதந்திரத்துக்குப் பின், 1952-ல் தனிச் சட்டம் வந்தது. துணை விமானப் படை ஸ்குவாட்ரன்கள் ஏற்பட்டன. சென்னைக்கு 53-வது. வாரம் பூரா சொந்த வேலை, விடுமுறை நாளில் பயிற்சி!

முதலாளி சும்மா இருப்பாரா?

"லீவு கேட்டா, இனிமே மில்லுக்கே வராதேன்னுடுவாங்களே!" பஞ்சாலை பிட்டர் யாருக்கும் இந்தப் பயம் வரும். மழை ஏமாற்றினால் மில் சம்பளத்தில்தானே வீட்டில் உலை கொதிக்கிறது! அதற்கும் சட்டத்தில் வழி வைத்தார்கள். படை அழைத்துப் போனவர் திரும்பி வந்தால், முதலாளி மறுபடி வேலை கொடுக்க வேண்டும்.

அந்த ஸ்குவாட்ரன்கள் இப்போது இல்லை. தரைப் படையில் பிராந்திய ராணுவம் இருக்கிறது. வயது 18 முதல் 42 வரை. கிரிக்கெட் டோனிக்கு 2011-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி தந்த படை இதுதான். இதில் சேருகிறவர்களுக்கும் வேலைப் பாதுகாப்பு உண்டு.